புகார் விசாரிக்க ஆள் கூப்பிடப் போனது

எங்கள் சங்கத்துக்கு வரும் புகார்க் கடிதங்களுக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். உரிய கவனம் செலுத்தப்படும்." அதை ஸ்டென்சிலில் தட்டி, கீழே சைக்ளோஸ்டைல் மெஷினில் ஒரு கட்டு உருட்டி எடுத்து வைத்திருந்தேன். மேலே பெயரையும் ஊரையும் பேனாவால் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டால் என் வேலை முடிந்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவையிலிருந்து பெரிய பத்திரிகைகள் போக, சின்னச் சின்னதாகப் பல உள்ளூர்ப் பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. சில மாலைப் பத்திரிகைகள், சில வாரப் பத்திரிகைகள். அவற்றின் முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். காந்திபுரத்தில் ஓர் அச்சகத்தின் மாடியறைதான் அலுவலகம். ஒரு டைப்ரைட்டர், ஒரு ஃபோன், இரண்டு பீரோ, நான். பத்தாம் வகுப்பும் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையும் என் படிப்பு. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. யாருக்காவது ஃபோன் செய்ய வேண்டியிருந்தால், பேச வேண்டியதை முதலில் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்வேன். எழுதியதைப் படித்துவிட்டு வைத்துவிடுவேன்.

அன்னூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரே கையெழுத்தில் மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றுக்கும் அந்த ஸ்டென்சில் பதில் போனது. நான்காவதாகக் கடிதம் வரவில்லை. எழுதிய அம்மாவே மாடியேறி வந்துவிட்டார். கிராம சுகாதார நர்ஸ். என் வயதுதான் இருக்கும். கைப்பையிலிருந்து என்னுடைய மூன்று பதில்களையும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, மூணும் ஒண்ணாட்டவே இருக்குதுங்களே. நான் எழுதினதைப் படிச்சுப் பார்த்தீங்களா?"

"நான் டைப்பிஸ்ட்டுங்க."

"டைப் அடிக்கறவிய படிக்கக்கூடாதுன்னு இருக்குதுங்களா?"

படித்திருந்தேன். மூன்றையுமே இரண்டிரண்டு தடவை படித்திருந்தேன். ஒரு மாலைப் பத்திரிகை அவரைப் பற்றிப் போட்ட செய்தி அது. அவர் போட்ட தவறான ஊசியால் ஒன்றரை வயதுக் குழந்தை இறந்துவிட்டது என்று மூன்றாம் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்குத் தலைப்புப் போட்டு எழுதியிருந்தார்கள். ஊரும் இருந்தது, பெயரும் இருந்தது. அன்றைக்கு அவர் அந்த ஊரிலேயே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வட்டார சுகாதார நிலையத்தில் கூட்டத்தில் இருந்தார். குழந்தைக்குக் காய்ச்சலுக்கு ஊசி போட்டது வேறு யாரோ. சுகாதாரத் துறை விசாரித்து, இவர்மேல் தவறில்லை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டது. அந்தக் கடிதத்தின் நகலோடு பத்திரிகைக்கு எழுதினார், பதில் இல்லை. நேரில் போனார், ஆசிரியர் இல்லை என்றார்கள். அதன் பிறகுதான் எங்களுக்கு எழுதினார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. அதே பேப்பர்ல, அந்த ஊசியை நான் போடலைன்னு நாலு வரி வரோணும். அவ்வளவுதான். புதன்கிழமையானா தடுப்பூசி ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டு ஊடு ஊடாப் போறேன். உள்ளுக்குள்ள டிவி ஓடற சத்தம் கேக்குது, கொழந்தை அழுவற சத்தம் கேக்குது. கதவு மட்டும் தொறக்கறதில்லீங்க. என்னை ஏசறது போச்சாது, பொறுத்துக்கலாமுங்க. தட்டம்மை வந்துபோட்டா அந்தக் கொழந்தைகளுக்கு யாருங்க பதில் சொல்லுவாங்க? அதையும் பேப்பர்ல என்ற பேரப் போட்டு எழுதுவீங்களா?"

நான் எழுதுகிறவள் இல்லை என்று சொல்ல வந்தேன். அந்த மூன்று காகிதங்களும் மேஜைமேல் கிடந்தன.

இந்த மாதிரிப் புகார்களுக்காக ஒரு குழு வைப்பது என்று சங்கத்தின் பொதுக்குழுவில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. புகார் செய்தவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப ஆரம்பித்திருந்ததுதான் காரணம். பல வருடம் பத்திரிகையில் வேலை பார்த்து, இப்போது எந்தப் பத்திரிகையோடும் ஒட்டுறவு இல்லாத மூன்று பேர் உறுப்பினர்கள். அதில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால் விசாரணை நடத்தலாம். அவர்கள் சொல்வதைப் பத்திரிகைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். தீர்மானத்தைத் தட்டியது நான்தான். அதற்குமேல் அது ஓரடி நகரவில்லை.

நர்ஸம்மா போனதும் செயலாளரிடம் போய் நின்றேன். அவர் ஒரு வாரப் பத்திரிகையின் முதலாளி. கீழே இருந்த அச்சகமும் அவருடையதுதான்.

"குழுவுக்கு ஆள் போடோணுமுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "குழுவுன்னு ஒண்ணு இருக்கோணும்னுதான் தீர்மானம் போட்டோம் அம்மணி. அது கூடோணும்னு யாரு சொன்னாங்க?"

கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் நகராமல் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு டைரியை எடுத்து மூன்று பெயர்களைச் சொன்னார். "லெட்டர் போட்டுடுங்க. லெட்டர்ஹெட்ல மூணு பெரிய மனுசங்க பேரு இருந்தா நமக்கும் ஒரு மதிப்புத்தான்."

நல்ல தாளில், பிழையில்லாமல், மூன்று கடிதங்கள் தட்டி அனுப்பினேன். ஒரு மாதம் போயும் பதில் வரவில்லை. அது எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தால் அது அழைப்பில்லை, தகவல். வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்து, "எல்லாரும் வந்துருங்க" என்று வாயால் சொன்னால்தான் அழைப்பு. பங்காளியே ஆனாலும் தபாலில் வந்த பத்திரிகைக்குப் போக மாட்டார். முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தவர்கள் மட்டும் வேறு மாதிரி இருப்பார்களா? சனிக்கிழமை அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

முதலில் போனது அன்னூர்ப் பக்கம். மாவட்ட நிருபராக இருந்தவர். இப்போது அப்பாவின் தோட்டத்தையும் கோழிப் பண்ணையையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவரே போய் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரம் பேசினார். வெள்ளம் வந்தபோது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் எழுதிய செய்தி, தந்தி ஆபீஸ்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய கதை. குழுவைப் பற்றி நான் சொன்னதும் தலையாட்டினார்.

"நல்ல காரியமுங்க. செய்யோணும். நீங்க இத்தனை தூரம் பஸ்ஸேறி வந்து கூப்புட்டு, நான் மாட்டேங்கறதா? பார்க்கலாமுங்க."

அடுத்த சனிக்கிழமை துடியலூர். அங்கே இருந்தவர் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக ஓய்வு பெற்றவர். நிருபர்கள் கொண்டுவரும் செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் வேலையிலேயே முப்பது வருடம். வீட்டைச் சுற்றி ரோஜாத் தொட்டிகள். செடி வளர்ப்பதைப் பற்றி வாரம் ஒரு பத்தி எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எந்தப் பத்திரிகை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "ஆகட்டுமுங்க, பார்க்கலாம்" என்று வாசல் கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

மூன்றாமவர் உக்கடத்தில். இருபத்தைந்து வருடம் நிருபராக இருந்துவிட்டு, அண்ணன் தவறிய பிறகு குடும்பத்தின் இரும்புக் கடைக்குத் திரும்பிவிட்ட பாய். ஆணிச் சாக்குகளுக்கும் சங்கிலிச் சுருள்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"முடியாதும்மா. தப்பா நினைக்காதீங்க. நான் வர்றதா இல்ல. டீ சொல்லட்டுமா?"

எனக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. டீ வேண்டாம் என்றுவிட்டு இறங்கி வந்தேன். அலுவலகத்துக்கு வந்து பட்டியலில் தட்டினேன். இரண்டு பெயருக்கு நேரே "இசைவு தந்தார்." ஒரு பெயருக்கு நேரே "மறுத்தார்." இரண்டு பேர் போதும். செயலாளரிடம் சொல்லி ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணை என்று நாள் குறித்தேன். நர்ஸம்மாவுக்கும் அந்தப் பத்திரிகைக்கும் கடிதம் போனது. உறுப்பினர்கள் இரண்டு பேருக்கும் நாளைத் தெரிவித்துக் கார்டு எழுதினேன்.

அன்று நர்ஸம்மா பத்தரைக்கே வந்துவிட்டார். விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். கூட்டத்தில் கையெழுத்துப் போட்ட பக்கத்தின் ஜெராக்ஸ், விசாரணைக் கடிதத்தின் ஜெராக்ஸ், எல்லாவற்றையும் மூன்று மூன்றாக எடுத்து, ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒன்று என்று தனித்தனியாகப் பின் போட்டு வைத்திருந்தார். நான் கீழே அச்சகத்திலிருந்து நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டேன்.

பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. பத்திரிகைத் தரப்பிலிருந்து வந்தவர் கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். செயலாளர் எட்டிப் பார்த்தார். "யாரையும் காணமுங்களா? சரி, இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம்" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஒரு மணிக்கு நர்ஸம்மா பின் போட்ட கட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்ற காகிதங்களைப் பைக்குள் வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, அவிய வர்றதாச் சொன்னாங்களா?"

"பார்க்கலாம்னு சொன்னாங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபத்தோடு இல்லை. "உங்களுக்கு எந்த ஊருங்க?"

பல்லடம் பக்கம் என்றேன்.

"அப்ப நம்ம பக்கந்தானுங்களே" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

அவர் சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்தது. என் தங்கை மகளுக்கு ஒரு வரன் வந்து எங்களுக்குப் பிடிக்காமல் போனபோது, வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுத்து, காப்பி கொடுத்து, "பார்க்கலாமுங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தவள் நான். அவர்களும் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு மறுபடி வரவே இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவரிடம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டே "இசைவு தந்தார்" என்று தட்டினேன். இன்னொரு தடவை கேட்பதற்குக் கூச்சம். கேட்காமல் இருப்பதற்காக அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அந்தக் கூச்சத்தால் ஒரு மனுஷியின் ஒரு நாள் போனது. உண்மையில் அதற்குமேலும் போனது. அந்த வாரமும் அவருக்குக் கதவுகள் திறந்திருக்காது.

அன்று சாயங்காலமே ஒரு தாள் தட்டினேன். இரண்டே வரி. "விசாரணைக்கு வருகிறேன்." அதன் கீழே "விசாரணைக்கு வர இயலாது." ஏதாவது ஒன்றை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, சாப்பிடுகிறீர்களா இல்லையா என்று எழுதிக் கேட்கிற மாதிரி மரியாதைக் குறைவு அது. எனக்குத் தெரியும். மூன்று பிரதி எடுத்துக்கொண்டேன்.

அன்னூர்க்காரர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். இந்த முறையும் இளநீர் வந்திருந்தது. அதை நான் தொடவில்லை. மறுபடியும் வெள்ளக் கதைக்குப் போகப் பார்த்தார்.

"அடிச்சுக் குடுத்துருங்க" என்றேன்.

"என்னுங்க அம்மணி இப்படி நெருக்கறீங்க? நமக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்குங்க?"

"அந்த நர்ஸம்மா லீவு போட்டுட்டு வந்து ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தாங்க. உங்களுக்குன்னு தனியா பின் போட்டுப் பேப்பர் வச்சிருந்தாங்க."

அவர் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அந்தச் செய்தியை எழுதின பையன் என்ற சம்சாரத்தோட தம்பி மருமகனுங்க. பேப்பர் ஏஜென்சி எடுத்துக்கிட்டு, அப்படியே செய்தியும் குடுத்துட்டிருக்கான். நான் வந்து உக்காந்து அவனைத் தப்புன்னு சொன்னா ஒரம்பரை உறவு போச்சு. சரின்னு சொன்னா நான் முப்பது வருசம் பார்த்த தொழிலு போச்சு."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

அப்படி யாரிடமும் நான் பேசியதில்லை. அவர் முதல் வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நீங்க பேசறதில்லைன்னு உங்க செயலாளர் சொன்னாரு. பொய் சொல்லிப்போட்டாருங்க" என்றார். சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கணக்குப் புரிந்தது. மூன்றில் ஒன்று போய்விட்டது. மற்ற இரண்டு பேருமே வந்தாக வேண்டும். அதில் ஒருவர் ஏற்கெனவே முடியாது என்றவர்.

துடியலூருக்குப் போகும்போது தாளோடு, பத்திரிகையிலிருந்து நறுக்கிய அந்தச் செய்தித் துணுக்கையும் எடுத்துப் போனேன். ரோஜாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு துணுக்கைத்தான் முதலில் வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பேனா தானாக வெளியே வந்தது. நின்றபடியே ஓரத்தில் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

"யாரு சொன்னாங்கன்னே இல்லீங்களே இதுல. டாக்டரைக் கேக்கலை. இந்தம்மாவையும் கேக்கலை. என்ன ஊசின்னுகூட இல்லை. 'கூறப்படுகிறது, கூறப்படுகிறது'ன்னு நாலு தடவை. யாரால கூறப்படுகிறது? இது என்ற டேபிளுக்கு வந்திருந்தா அங்கயே நின்னிருக்குமுங்க."

"அதைத்தானுங்க வந்து சொல்லோணும்."

அவர் முகம் வாடியது. "நான் செடியைப் பத்தி எழுதறது இந்தப் பேப்பர்லதானுங்க" என்றார் மெதுவாக. ஒட்டுறவு இல்லாதவர்தான் உறுப்பினராக இருக்கலாம் என்பது விதி. வந்தால் அந்தப் பத்தியை விட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அவர் பெயர் அச்சில் வருகிற ஒரே இடம் அது.

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "வருவாருன்னு எழுதிக்கங்க அம்மணி! வாராவாரம் வியாழக்கிழமை அந்த ஒரு பத்தி எழுதறதுக்கு ஊட்டையே ரெண்டாக்கறாரு."

"நீ சித்த சும்மா இரு."

"நான் எதுக்கு சும்மா இருக்கறது? எல்லாப் பேப்பர்லயும் தப்புத் தப்புன்னு காலங்காத்தால எங்கிட்ட கத்தறீங்கள்ல. அங்க போய்க் கத்துங்க."

அவர் துணுக்கை இன்னொரு தடவை படித்தார். பிறகு என் தாளை வாங்கி, மண் ஒட்டிய விரலோடு அதில் இரண்டாவது வரியை அடித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "நான் எழுதலைன்னா ரோஜா பூக்காமயா போயிரும்?" என்றார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

கடைசியாக உக்கடம். பாயின் கடையில் யாரோ தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை நின்றேன்.

"நான்தான் முடியாதுன்னு சொல்லிட்டேனேம்மா."

"நேரா முடியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான் பாய். அதான் மறுபடியும் வந்தேன்."

அவர் ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன். இந்தத் தடவை கேட்காமலே டீ வரவழைத்தார்.

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அந்த நாற்காலியில உட்கார எனக்கு யோக்கியதை இல்ல. பஸ் கண்டக்டர் ஒருத்தர், ஓடற பஸ்ஸுல குடிச்சுட்டு விழுந்து கிடந்தாருன்னு எழுதினேன். படத்தோட வந்துச்சு. ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அந்த மனுசனுக்குச் சர்க்கரை. மயக்கம் போட்டிருக்காரு. ஆசிரியர்கிட்ட சொன்னேன். 'விடுங்க பாய், பழைய செய்தி'ன்னாரு. நானும் விட்டுட்டேன். இதோ இப்ப வரைக்கும் விட்டுட்டுத்தான் இருக்கேன். நான் வந்து இன்னொருத்தனை ஏன் மறுப்புப் போடலைன்னு கேக்கறதா?"

துண்டுத்தாளில் நான் எழுதிக்கொண்டு போனதில் இதற்குப் பதில் இல்லை. டீயைக் குடித்தேன். பிறகு எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதைக் கேட்டேன்.

"அந்தக் கண்டக்டர் இப்ப எங்க இருக்காருங்க?"

பாய் தராசுக்குப் பக்கத்தில் கிடந்த ஆணிகளைத் திரட்டி டப்பாவுக்குள் போட்டார். ஒவ்வொன்றாகப் போட்டார். வெளியே பஸ்கள் உறுமிக்கொண்டு திரும்பின.

"தெரியல" என்றார். "நான் தேடினதில்ல."

நான் செய்தித் துணுக்கையும், நர்ஸம்மா பின் போட்டுக் கொடுத்த காகிதங்களில் ஒரு கட்டையும் தராசின்மேல் வைத்தேன். கையெழுத்துத் தாளை வெளியே எடுக்கவில்லை. எழுந்து படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"தேதி என்னிக்கும்மா? வெள்ளிக்கிழமை மட்டும் வைக்காதீங்க."

இரண்டாவது விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. துடியலூர்க்காரர் பத்து மணிக்கே வந்தார். பாய் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார். அந்த ஐந்து நிமிடத்துக்கு முந்தைய ஐம்பத்தைந்து நிமிடத்தையும் நான் ஜன்னலோரத்திலேயே கழித்தேன். நர்ஸம்மா அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். பத்திரிகையின் செய்தி ஆசிரியரும், செய்தி கொடுத்த அன்னூர் இளைஞரும் எதிரே உட்கார்ந்தார்கள். நான் குறிப்பெடுத்தேன்.

துடியலூர்க்காரர்தான் ஆரம்பித்தார். "இந்தத் தகவல் எங்க கிடைச்சுதுங்க தம்பி?"

"பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு சொன்னாங்க."

"நாலு பேருல ஒருத்தராவது அந்த ஊர்க்காரரா?"

இளைஞர் செய்தி ஆசிரியரைப் பார்த்தார்.

"சரி, நர்ஸைக் கேட்டீங்களா?"

"கேட்டா நான் போடலைன்னுதானுங்க சொல்லுவாங்க."

"அதை எழுதியிருக்கோணும்."

இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. செய்தி ஆசிரியர் இடைபுகுந்தார். ஏதோ அவசரத்தில் வந்துவிட்டது என்றும், வாசகர் கடிதம் பகுதியில் அந்தம்மாவின் கடிதத்தைப் போட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

பாய் அதுவரை வாயைத் திறக்கவில்லை. "குத்தம் சொன்னது வாசகரா?" என்று கேட்டார். பிறகு நர்ஸம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எங்க வரணும்மா?"

"எங்க பார்த்துட்டுக் கதவைச் சாத்தினாங்களோ அங்க வந்தாப் போதுமுங்க."

மூன்றாம் பக்கம், அதே இடம், அதே அளவு தலைப்பு என்றார் பாய். துடியலூர்க்காரர் தயங்கினார். முப்பது வருடத்தில் ஒரு பத்தி அகலத்துக்குமேல் மறுப்புப் போட்டதே இல்லை, வழக்கம் அப்படி, எந்தப் பத்திரிகையும் ஏற்காது என்றார். இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் தீர்ப்பே இல்லை. என் பேனா நின்றுவிட்டது.

"அந்த வழக்கம் இல்லாம இருந்திருந்தா, நான் இன்னிக்கு வர்றதுக்கு இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டேங்க" என்றார் பாய்.

துடியலூர்க்காரருக்கு அது என்னவென்று தெரியாது. கேட்கவும் இல்லை. நர்ஸம்மாவின் காகிதக் கட்டை ஒரு தடவை புரட்டினார். "சரி, அப்படியே எழுதுங்க அம்மணி" என்றார்.

தீர்ப்பைத் தட்டி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, அன்றே பத்திரிகை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் மறுப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தினமும் காலை பதினொரு மணிக்கு அந்தச் செய்தி ஆசிரியருக்கு ஃபோன் செய்தேன். முதல் நாள் பக்கம் நிரம்பிவிட்டது என்றார். பிறகு விளம்பரம் வந்துவிட்டது என்றார். பிறகு ஆசிரியர் ஊரில் இல்லை. எங்கள் செயலாளர், "போதும் அம்மணி, தீர்ப்புச் சொல்லியாச்சு, நம்ம கடமை முடிஞ்சுது" என்றார். நான் அடுத்த நாளும் டயல் செய்தேன்.

"பார்க்கலாமுங்க அம்மணி" என்றார் செய்தி ஆசிரியர்.

"பார்க்கலாம்னா போடறதில்லைன்னு எழுதிக்கட்டுமுங்களா? நான் பல்லடம் பக்கமுங்க. எனக்குத் தெரியும்."

ஃபோனை வைத்த பிறகு பார்த்தேன். துண்டுத்தாளில் அன்று எதையுமே எழுதியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தது. மூன்றாம் பக்கம், மூன்று பத்தித் தலைப்பு. நான்கு வரி அல்ல, பதினோரு வரி. கீழே அச்சகத்தில் வேலை செய்தவர்கள் மேலே எடுத்துவந்து காட்டினார்கள். செயலாளர் படித்துவிட்டு, "நம்ம பேப்பரா இருந்தா நான் போட்டிருக்க மாட்டேன்" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

பாய் அந்த வாரத்திலேயே ஃபோன் செய்தார். அடுத்த புகார் எப்போது என்று கேட்டார். கண்டக்டரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, "டிப்போவுல விசாரிச்சிட்டிருக்கேன்" என்றார்.

ஒரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு நர்ஸம்மாவின் ஊருக்குப் போனேன். அவர் வரச் சொல்லிக் கார்டு எழுதியிருந்தார். துணை சுகாதார நிலையம் என்பது ஓர் அறையும் ஒரு வராந்தாவும். வராந்தா பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சில் இன்னும் இடம் இருந்தது. அந்தச் செய்திக்கு முன்பெல்லாம் தரையில்கூட உட்கார்ந்திருப்பார்கள் என்றார் நர்ஸம்மா. பத்திரிகை நறுக்கை எங்கும் ஒட்டி வைத்திருக்கவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டார்.

எல்லோரும் போன பிறகு, வேலியோரத்தில் நின்றிருந்த ஒரு பெண் உள்ளே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. நர்ஸம்மாவின் கை ஒரு கணம் பெட்டி மூடியின்மேல் நின்றது. இறந்துபோன குழந்தையின் அம்மா அவள் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்.

"ஊசிக்கு வரலீங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டே. "எடை மட்டும் பார்க்கோணும்."

"சரி கண்ணு. எடையே பார்ப்போம்" என்றார் நர்ஸம்மா.

தொட்டில் தராசை உத்தரத்துக் கொக்கியில் மாட்டினார். குழந்தையை வாங்கித் துணியில் படுக்க வைத்தார். முள் ஆடி நின்றது. எடையைச் சொன்னார், அட்டையில் எழுதினார். ஐஸ் பெட்டியை அவர் திறக்கவில்லை. அந்தப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டாள். ஆனால் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, அட்டையில் ஊசிக்காக இருந்த காலிக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எனக்கு ஒரு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர்கள் இரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.